சிறுநீரகத்தின் மேல் இரண்டு சுரப்பிகள்: அட்ரீனல் ஹார்மோன்கள் குறைந்தால் என்ன, கூடினால் என்ன

ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்ததுபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எடை 4 முதல் 5 கிராம்தான். வலப்பக்கச் சுரப்பி முக்கோண வடிவம், இடப்பக்கத்தது பிறை வடிவம். மருத்துவமனையில் அட்ரீனல் என்பார்கள். தமிழ்ப் பாடநூல்களில் அண்ணீரகச் சுரப்பி. இத்தாலிய உடற்கூறு அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி 1563-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் இது எதற்கு என்று அடுத்த முந்நூறு ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், காரணம் தெரியாமல் மெலிந்து, சோர்ந்து, தோல் கறுத்து இறந்துபோன சிலரின் உடலில் இந்தச் சுரப்பிகள் அழிந்திருந்ததைக் கண்டு எழுதினார். மறு ஆண்டே பிரௌன்-செக்கார் என்பவர் விலங்குகளில் இரண்டு சுரப்பிகளையும் அகற்றிப் பார்த்தார். அவை பிழைக்கவில்லை. உயிருக்கு இன்றியமையாத சுரப்பி என்பது அப்போதுதான் புலப்பட்டது.

பார்க்க ஒரு சுரப்பியாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு உண்டு. வெளிப்பகுதி புறணி, சுரப்பியின் பெரும்பங்கு அதுதான். நடுவில் இருப்பது அகணி. இரண்டும் கருவில் வெவ்வேறு திசுக்களிலிருந்து உருவாகின்றன, சுரப்பதும் வெவ்வேறு வகை ஹார்மோன்கள்.

புறணிக்கு மூன்று அடுக்குகள். வெளியடுக்கு ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. சிறுநீரகத்தில் உப்பை, அதாவது சோடியத்தைப் பிடித்து வைத்து, பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோன் இது. சோடியம் நிற்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும், ரத்த அழுத்தமும் நிற்கும். நடு அடுக்கின் சரக்கு கார்டிசால். ரத்தச் சர்க்கரை விழாமல் காப்பது, ரத்தக் குழாய்களை இறுக்கமாக வைத்திருப்பது, நோய் எதிர்ப்பாற்றல் எல்லை மீறாமல் அடக்குவது எல்லாம் இதன் பொறுப்பு. உள்ளடுக்கில் ஆண்பால் ஹார்மோன்களின் முன்னோடிகள் சிறிதளவு உண்டாகின்றன. ஆணுக்கு விதைப்பை இருப்பதால் அவை பெரிதாகத் தெரிவதில்லை. பெண்ணின் உடலிலோ அக்குள் முடி, பாலுணர்வு போன்றவற்றில் அவற்றின் கை உண்டு.

அகணி சுரப்பதுதான் எல்லாரும் அறிந்த அட்ரினலின். கூடவே நார்அட்ரினலினும் கொஞ்சம். சாலையில் திடீரென வண்டி குறுக்கே பாய்ந்தால் நெஞ்சு படபடப்பது அட்ரினலினால். ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்களே. இதில் பலருக்கும் வியப்பாக இருக்கும் செய்தி ஒன்று: அகணி இல்லாமல் வாழலாம். இரண்டு சுரப்பிகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு அட்ரினலினுக்கு ஈடாக எந்த மாத்திரையும் தருவதில்லை. நரம்பு முனைகள் வெளியிடும் நார்அட்ரினலினை வைத்து உடல் சமாளித்துக்கொள்ளும். புறணி போனால் சமாளிக்க வழியே இல்லை. கார்டிசாலும் ஆல்டோஸ்டிரோனும் வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் உயிர் தங்காது.

மேலிருந்து வரும் கட்டளை

கார்டிசாலைப் புரிந்துகொள்ள அதன் கட்டளைச் சங்கிலியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வரும் கோளாறுகளில் பாதி இதிலிருந்தே விளங்கிவிடும். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ், பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்புகிறது. பிட்யூட்டரி ஏசிடிஎச் என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது அட்ரீனலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கார்டிசால் சுரக்கிறது. போதுமான கார்டிசால் ரத்தத்தில் இருப்பதை மூளை உணர்ந்தால் மேலிருந்து வரும் கட்டளை தணிந்துவிடும். குறைந்தால் கட்டளை மீண்டும் ஏறும்.

ஆல்டோஸ்டிரோன் இந்தச் சங்கிலியை அவ்வளவாகச் சார்ந்ததல்ல. சிறுநீரகம் வெளியிடும் ரெனினும் ரத்தத்திலுள்ள பொட்டாசியமுமே அதற்கு எசமானர்கள். அதனால் பிட்யூட்டரி கெட்டுப்போனவர்களுக்குக் கார்டிசால் குறையும், உப்புச் சமநிலை பெரும்பாலும் கெடாது.

கார்டிசாலுக்கு ஒரு கடிகாரமும் உண்டு. விடியற்காலையில் ஏறத் தொடங்கி, காலை 8 மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும்; நள்ளிரவில் அடிமட்டம். எனவே "கார்டிசால் அளவு என்ன?" என்ற கேள்விக்கு மணி தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மாலை 4 மணிக்கு எடுத்த ரத்தத்தில் குறைவாக இருப்பது இயல்பே. இரவு வேலை பார்ப்பவர்கள் சிங்கப்பூரில் ஏராளம்: பாதுகாவலர்கள், தாதியர், துறைமுகத் தொழிலாளர்கள். இவர்களுடைய கடிகாரம் தூக்கத்தை ஒட்டி நகர்ந்திருக்கலாம். ரத்தம் கொடுக்கும் முன் எப்போது தூங்கி எழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சுரப்பு குறைந்தால்: அடிசன் நோய்

சுரப்பியே அழிந்து ஹார்மோன் குறைவது அடிசன் நோய். அடிசன் காலத்தில் காசநோய் முதன்மைக் காரணம். இன்று வளர்ந்த நாடுகளில் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே தன் சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. காசநோயும் இன்னும் பட்டியலில் உண்டு. முன்பு காசநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

புறணியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அழியும்வரை பெரிய தொல்லை தெரியாமல் போகலாம். அதன்பின் மெல்ல மெல்ல வரும்: ஓய்வெடுத்தாலும் தீராத அயர்ச்சி, பசியின்மை, எடைக் குறைவு, குமட்டல், வயிற்று வலி, உட்கார்ந்து எழுந்தால் தலைச்சுற்றல். உப்பின்மேல் ஓர் அடங்காத ஆசை வரும். ஊறுகாயையும் கருவாட்டையும் தேடித் தேடி உண்பார்கள். உடல் உப்பைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருப்பதால் வரும் ஆசை அது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்தும் பொட்டாசியம் கூடியும் இருக்கும்.

தோல் கறுப்பது இந்நோயின் தனி முத்திரை. கார்டிசால் இல்லாததால் பிட்யூட்டரி ஓயாமல் கட்டளையிடுகிறது. ஏசிடிஎச் உண்டாகும் அதே மூலப் புரதத்திலிருந்தே தோலின் நிறமிகளைத் தூண்டும் ஹார்மோனும் பிறக்கிறது. ஒன்று பெருகினால் மற்றதும் பெருகும். மாநிறமும் கருநிறமும் உள்ள நம்மவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. "வெயிலில் அலைந்ததால் கறுத்துவிட்டான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். முகத்தைப் பார்ப்பதைவிட, வெயில் படாத இடங்களைப் பாருங்கள்: ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், உள்ளங்கை ரேகைகள், அண்மையில் ஆறிய தழும்புகள். நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலேயே கறுத்திருக்கும், அதில் பயமில்லை. முன்பு இல்லாத கறுப்பு புதிதாக வந்திருந்தால்தான் கவனிக்க வேண்டும். பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

முதல் பரிசோதனை காலை 8 மணிக் கார்டிசால். லிட்டருக்கு 100 நானோமோலுக்குக் கீழே இருந்தால் குறைபாடு இருக்க வாய்ப்பு மிக அதிகம். நடுவாந்தரமாக இருந்தால் சினாக்தென் சோதனை செய்வார்கள்: செயற்கை ஏசிடிஎச் 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு, 30-ஆவது நிமிடமும் 60-ஆவது நிமிடமும் ரத்தம் எடுப்பார்கள். சுரப்பி நன்றாக இருந்தால் கார்டிசால் ஏறும். எவ்வளவு ஏற வேண்டும் என்பது ஆய்வகத்தின் முறையைப் பொறுத்தது. பழைய முறைகளில் 500 முதல் 550 வரை, புதிய முறைகளில் அதைவிடக் குறைவு. இணையத்தில் பார்த்த எண்ணை வைத்து உங்கள் அறிக்கையை எடைபோட வேண்டாம்.

சிகிச்சை என்பது இல்லாததை ஈடுசெய்வதுதான். கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு மொத்தம் 15 முதல் 25 மில்லிகிராம், இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து. விழித்தவுடன் பெரிய பங்கு, கடைசி வேளை மாலைக்குள். உடலின் இயற்கைக் கடிகாரத்தைப் பின்பற்றத்தான் இந்த ஏற்பாடு. இரவில் போட்டால் தூக்கம் கெடும். ஆல்டோஸ்டிரோனுக்குப் பதிலாக ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் 50 முதல் 100 மைக்ரோகிராம், நாளுக்கு ஒருமுறை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிவேலை செய்து வியர்ப்பவர்களுக்கு இந்த அளவு போதாமல் போகலாம். சிலருக்கு 200 வரை தேவைப்படும். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லப்படும் அறிவுரை இவர்களுக்குப் பொருந்தாது. பொட்டாசியம் நிறைந்த இளநீரை, நோய் கட்டுக்குள் வரும்வரை, "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று ஊற்றிக் கொடுப்பதும் ஆபத்து.

உடம்பு சரியில்லாத நாள்

இந்தப் பகுதியை வீட்டில் உள்ள அனைவரும் படிக்க வேண்டும். ஆரோக்கியமான உடல் காய்ச்சல் வந்தால் கார்டிசாலைப் பல மடங்கு கூட்டிக்கொள்ளும். அடிசன் நோயாளியால் அது முடியாது. அவருக்காக நாம்தான் கூட்ட வேண்டும். பொதுவாகப் பின்பற்றப்படும் விதி: காய்ச்சல் 38 டிகிரிக்கு மேல் என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன் இரு மடங்கு, 39-க்கு மேல் என்றால் மும்மடங்கு. காய்ச்சல் விட்டபின் ஓரிரு நாளில் பழைய அளவு. உங்களுக்கான அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

வாந்திதான் பெரிய எதிரி. மாத்திரை போட்ட அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். அதுவும் நிற்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது: தொடையின் வெளிப்புறத் தசையில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி போட்டுவிட்டு ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும். பெரியவர்களுக்கான அளவு இது. சிறு பிள்ளைகளுக்கு வயதுக்கேற்பக் குறையும். வீட்டில் ஊசி இல்லாவிட்டால் முதலில் 995. மயக்கம், குளிர்ந்த தோல், குழப்பமான பேச்சு, கடும் வயிற்று வலி ஆகியவை அட்ரீனல் நெருக்கடியின் அடையாளங்கள். மருத்துவமனையில் உப்பு நீரை ரத்தக் குழாய் வழியே வேகமாக ஏற்றுவார்கள், முதல் மணி நேரத்திலேயே ஒரு லிட்டர். அவசரப் பிரிவில் நுழைந்ததும் முதல் வாக்கியமாகவே "இவருக்கு அட்ரீனல் குறைபாடு, ஸ்டீராய்டு ஊசி உடனே வேண்டும்" என்று சொல்லுங்கள். கையில் ஒரு மருத்துவ எச்சரிக்கை வளையமும் பணப்பையில் ஓர் அட்டையும் இருந்தால், பேச முடியாத நிலையிலும் செய்தி போய்ச் சேரும். பல் பிடுங்குவது, குடல் உள்நோக்கிப் பரிசோதனை, அறுவை ஆகியவற்றுக்கு முன்னும் அளவைக் கூட்ட வேண்டும்.

விரதமும் இதில் சேரும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம்வரை காவடி சுமப்பது வெறும் நடையல்ல: பட்டினி, வெயில், வியர்வை, அலகின் வலி எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. நோயாளி அதை நேர்ந்துகொண்டிருந்தால் பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி, கூடுதல் வேளை, உப்பு, துணைக்கு வருபவர் கையில் ஊசி என்று திட்டமிட வேண்டும். பால்குடத்தோடு நிறுத்திக்கொள்வதே மேல் என்பது எங்கள் எண்ணம். ரமலான் நோன்பிலும் சிக்கல் உண்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் சில மணி நேரமே வேலை செய்யும். பிற்பகலில் சர்க்கரையும் அழுத்தமும் விழலாம். நோன்பு வைத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சில மருத்துவர்கள் சஹர் நேரத்தில் நெடுநேரம் நிற்கும் பிரெட்னிசலோனுக்கு மாற்றித் தருவார்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருப்பதை மறக்க வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு

அடிசன் நோய் அரிது. கார்டிசால் கோளாறுக்கு மிகப் பரவலான காரணம் நாமே விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, அதாவது கார்டிசால்போல் வேலை செய்யும் மருந்து. மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் 1948-இல் மூட்டுவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் ஊசி போட்டபோது, படுக்கையில் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபெல் பரிசு. ஆஸ்துமா, மூட்டுவாதம், லூப்பஸ் என்று எத்தனையோ நோய்களில் ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அதன் மேல் எங்களுக்குக் குறை இல்லை. தெரியாமல் உண்பதும் திடீரென நிறுத்துவதும்தான் கவலை.

உடல் ஒரு நாளில் தானே சுரக்கும் கார்டிசாலுக்கு ஈடாக, ஏறத்தாழ 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குச் சமம் பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம். டெக்ஸாமெத்தசோன் என்றால் முக்கால் மில்லிகிராமே போதும். இப்போது கட்டளைச் சங்கிலியை நினைத்துப் பாருங்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தாராளமாக வந்தால் மூளை "போதும்" என்று கட்டளையை நிறுத்திவிடும். மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் இப்படியே போனால், வேலையில்லாத அட்ரீனல் சுருங்கிவிடும். அந்த நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், சுரப்பி எழுந்து வேலையைத் தொடங்க வாரங்களோ மாதங்களோ ஆகும். இடைப்பட்ட காலத்தில் ஒரு காய்ச்சலே நெருக்கடியில் தள்ளிவிடும்.

சிங்கப்பூரில் ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால்தான் வாங்க முடியும். ஆனாலும் மூட்டுவலிக்கு, உடல் வலிக்கு, பசியின்மைக்கு என்று மூலிகை என்ற பெயரில் இணையத்திலும் தெரிந்தவர் கை வழியாகவும் வரும் மாத்திரைகளிலும் பொடிகளிலும் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. சிலவற்றில் வலிநிவாரணியும் ஒவ்வாமை மருந்தும்கூடச் சேர்ந்திருந்தன. உண்டவர்களுக்கு அது அற்புதமாகத் தோன்றும்: பல ஆண்டு முழங்கால் வலி மூன்றே நாளில் போய்விடும், பசி எடுக்கும், முகம் "தெளிவாக" உப்பும். இத்தனை வேகம்தான் சந்தேகத்துக்கு முதல் காரணமாக இருக்க வேண்டும். எந்த மூலிகையும் பத்தாண்டு மூட்டு வலியை மூன்று நாளில் போக்காது.

உங்கள் தாத்தாவோ பாட்டியோ இப்படி எதையாவது உண்டுகொண்டிருப்பது தெரிந்தால், பதறிப்போய்க் குப்பையில் வீசாதீர்கள். அதுதான் பலர் செய்யும் தவறு. டப்பாவுடனும் மிச்ச மாத்திரைகளுடனும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எத்தனை வாரமாக, நாளுக்கு எத்தனை என்பதைக் குறித்துக்கொண்டு போனால் மிகவும் உதவும். மருத்துவர் அதற்கு ஈடான ஸ்டீராய்டைத் தந்து படிப்படியாகக் குறைப்பார். பிரெட்னிசலோன் 5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கியபின் காலைக் கார்டிசாலைப் பார்ப்பது வழக்கம். 2024-இல் வெளியான ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டுதலின்படி 300 நானோமோலுக்கு மேல் இருந்தால் சுரப்பி விழித்துவிட்டது, நிறுத்தலாம். 150-க்குக் கீழ் என்றால் இன்னும் சில மாதம் தொடர வேண்டும். நீண்ட நாள் பூசும் வீரியமான ஸ்டீராய்டுக் களிம்பும் மூட்டுக்குள் அடிக்கடி போடும் ஊசியும்கூட இதே விளைவைத் தரலாம். குழந்தையின் தோல் அரிப்புக்கு இணையத்தில் வாங்கும் "இயற்கைக் களிம்பு" விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை.

கார்டிசால் கூடினால்: குஷிங் நோய்க்குறி

காரணம் மாத்திரையாக இருந்தாலும் சரி, கட்டியாக இருந்தாலும் சரி, கார்டிசால் நெடுநாள் கூடினால் உருவம் மாறும். முகம் வட்டமாகும். வயிறு பருக்கும், கைகால் மெலியும். பிடரிக்குக் கீழே கொழுப்புத் திரளும். வயிற்றில் ஒரு சென்டிமீட்டருக்கும் அகலமான கருஞ்சிவப்புக் கோடுகள் தோன்றும்; பிரசவக் கோடுகள் இவ்வளவு அகலமாக இருப்பது அரிது. இலேசாக இடித்தாலே கன்றிப்போகும். தொடைத் தசை தேய்வதால் தாழ்வான இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாது. நீரிழிவு, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு பின்தொடரும்.

உடலுக்குள்ளேயே காரணம் இருப்பவர்களில் பத்தில் ஏழு பேருக்குப் பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கும். மற்றவர்களுக்கு அட்ரீனலிலோ வேறிடத்திலோ. பரிசோதனை எளியது: இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் 1 மில்லிகிராம் மாத்திரை, மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். ஆரோக்கியமான உடலில் கார்டிசால் 50 நானோமோலுக்குக் கீழ் இறங்கியிருக்கும். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கு இந்தச் சோதனை பொய்யாக உயர்வு காட்டும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரத்த அழுத்தத்தின் பின்னால் ஒளிந்திருக்கும் ஆல்டோஸ்டிரோன்

2021–2022 தேசிய மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி 18 முதல் 74 வயதுள்ள சிங்கப்பூர்வாசிகளில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. இவர்களில் ஒரு பகுதியினருக்குக் காரணம் உப்புக் கறியோ வயதோ அல்ல, அட்ரீனல்தான். 1955-இல் ஜெரோம் கான் விவரித்ததால் கான் நோய்க்குறி என்பார்கள். ஒரு சுரப்பியில் சிறு கட்டியோ இரண்டும் சேர்ந்தோ, ரெனினின் கட்டளைக்குக் காத்திராமல் ஆல்டோஸ்டிரோனைச் சுரந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகங்களுக்கு வந்த 350 ரத்த அழுத்த நோயாளிகளை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இது உறுதியானது. இருபதில் ஒருவர் என்பது அரிய நோய்க்கான கணக்கல்ல. ஆனாலும் தேடப்படாமலேயே பலர் ஆண்டுக்கணக்கில் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

கண்டுபிடிப்பதால் என்ன பயன்? அதே அளவு அழுத்தம் உள்ள மற்றவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாதமும் இதயத் துடிப்புச் சீர்கேடும் அதிகம் வருகின்றன. அதோடு, காரணம் ஒரு சுரப்பியில் மட்டும் என்றால் அதை நுண்துளை அறுவையில் எடுத்துவிடலாம். அழுத்தம் முழுதும் தணியலாம், அல்லது மாத்திரைகள் குறையும். இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற குறிவைத்த மருந்து உண்டு. எந்தப் பக்கம் என்று அறிய, சி.டி. படத்தோடு, அட்ரீனல் சிரைகளிலிருந்தே ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள்.

மூன்று வகை மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்காதவர்கள், 40 வயதுக்குள் அழுத்தம் வந்தவர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய பரிசோதனை ஆல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம். 2025-இல் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி, உயர் ரத்த அழுத்தம் உள்ள எல்லாருக்குமே இதைச் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. பலதுறை மருந்தகத்தில் எடுத்த பழைய பொட்டாசிய அளவுகளை ஹெல்த்ஹப் செயலியில் பார்க்கலாம். பொட்டாசியம் சரியாக இருந்துவிட்டால் நோய் இல்லை என்று பொருளல்ல. பெரும்பாலோருக்கு அது இயல்பாகவே இருக்கும். ரத்தத்தைக் காலையில், எழுந்து நடமாடி இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்க வேண்டும். சில அழுத்த மாத்திரைகள் முடிவைத் திரித்துவிடும். எதை நிறுத்துவது, எத்தனை வாரம் என்பது மருத்துவரின் முடிவு.

இங்கே அதிமதுரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொண்டைக் கட்டுக்கு நம் வீடுகளில் வாயில் போட்டுச் சுவைப்பது வழக்கம், சீன மருந்துக் கடைகளின் கஷாயங்களிலும் அது இருக்கும். சிறுநீரகத்தில் கார்டிசாலை முடக்கி வைக்கும் நொதியை அதிமதுரத்தின் சத்து தடுத்துவிடுகிறது. முடக்கப்படாத கார்டிசால் ஆல்டோஸ்டிரோன்போல் வேலை செய்யத் தொடங்கும்: அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இரண்டு நாள் இருமலுக்கு ஒரு துண்டு சுவைப்பதில் தவறில்லை. வாரக்கணக்கில் தினமும் கஷாயமாகக் குடிப்பவருக்கு அழுத்தம் ஏறினால் முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். நிறுத்திய பின்னும் விளைவு அடங்க ஓரிரு வாரம் பிடிக்கும்.

அரியவை இரண்டு

அகணியில் வரும் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமா. திடீர் திடீரென அட்ரினலின் வகை ஹார்மோன்களைக் கொட்டும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் ஒன்றாக வந்து, சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ அடங்கும். அந்நேரம் அழுத்தம் எகிறும். பதற்ற நோய் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. அட்ரினலின் சிதைவதால் உண்டாகும் மெட்டாநெஃப்ரினை ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ அளந்து கண்டுபிடிக்கலாம். அறுவைக்கு முன் ஒன்றிரண்டு வாரம் ஆல்ஃபா தடுப்பு மருந்து தந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துவார்கள். படபடப்புக்கென்று பீட்டா தடுப்பு மருந்தை முதலில் கொடுத்தால், குழாய்களை விரிக்கும் வழி அடைபட்டு, சுருக்கும் வழி மட்டும் திறந்திருக்கும்; அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறலாம். இக்கட்டிகளில் மூன்றில் ஒன்று பரம்பரையாக வருவதால் குடும்பத்தாருக்கும் மரபணுச் சோதனை பேசப்படும்.

மற்றது பிறவியிலேயே வரும் அட்ரீனல் மிகைவளர்ச்சி. கார்டிசாலைத் தயாரிக்கும் நொதி ஒன்று குறைவதால் வருவது. கார்டிசால் வராததால் பிட்யூட்டரி கட்டளையை ஏற்றிக்கொண்டே போக, சுரப்பி வீங்கி, தடைபட்ட மூலப்பொருள் முழுதும் ஆண்பால் ஹார்மோன் பக்கம் திரும்பிவிடும். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு மாறுபட்டுத் தெரிவதால் பிறந்த உடனே சந்தேகம் வரும். ஆண் குழந்தையிடம் வெளியே எதுவும் தெரியாது. இரண்டாம், மூன்றாம் வாரத்தில் உப்பு இழந்து, பால் குடிக்காமல், வாந்தி எடுத்துத் துவண்டுவிடும். சிங்கப்பூரில் பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சொட்டுப் பரிசோதனையில் இதுவும் அடங்கும். குழந்தைக்கு வலிக்குமே என்று அதை மறுக்காதீர்கள்.

"அட்ரீனல் களைப்பு" என்ற பெயரில்

வேலைப்பளுவால் அட்ரீனல் "களைத்துவிட்டது" என்று சொல்லி எச்சில் பரிசோதனையும் சத்து மாத்திரையும் விற்கிறார்கள். அப்படி ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை. மன அழுத்தம் கூடினால் சுரப்பி கூடுதலாகத்தான் சுரக்கும். அயர்ச்சி உண்மையானது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ரத்தச்சோகை, தைராய்டு, நீரிழிவு, தூக்கத்தில் மூச்சடைப்பு, மனச்சோர்வு இவற்றில் எது காரணம் என்று தேடாமல் அந்த மாத்திரைகளில் பணத்தைப் போடுவது காலத்தை இழப்பதாகும். அவற்றில் சிலவற்றில் விலங்குச் சுரப்பிச் சாறும் ஸ்டீராய்டும் இருக்கலாம் என்பது இன்னொரு ஆபத்து. அடிசன் நோய்தானோ என்ற ஐயம் இருந்தால் காலைக் கார்டிசாலும் சோடியமும் பொட்டாசியமும் பார்த்தாலே முதல் தெளிவு கிடைத்துவிடும்.

இன்னொன்று, வேறு எதற்கோ எடுத்த சி.டி. படத்தில் "அட்ரீனலில் சிறு கட்டி" என்று வரும் அறிக்கை. நடுவயதைத் தாண்டியவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவதே, பெரும்பாலானவை தீங்கற்றவை. 4 சென்டிமீட்டருக்குக் குறைவாக, ஒரே சீராக, படத்தில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகோ அதற்குக் குறைவோ என்றால் புற்று என்று அஞ்ச வேண்டாம். ஆனால் ஹார்மோன் சுரக்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும்: எல்லாருக்கும் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் சோதனை, ரத்த அழுத்தம் இருந்தால் ஆல்டோஸ்டிரோன்–ரெனின் விகிதம், அடர்த்தி 10-ஐத் தாண்டினால் மெட்டாநெஃப்ரினும். அந்தப் படத்தின் நகலையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டு கழித்து வேறொரு மருத்துவமனையில் மறுபடி அதே கட்டி தென்பட்டால், வளர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பழைய படம்தான் சொல்லும்.